பெயர் போடாத வரி

இராஜமாணிக்கம் அண்ணன் மேஜை இழுப்பறையிலிருந்து சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடு, ஆனேக்கல் பஸ் பாஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்து ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். டெலிபோன் மெக்கானிக்காக இருந்து, நாற்பது வயதுக்கு மேல் எங்களோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்ட மனிதர். மூன்று வருடக் காண்ட்ராக்ட் முடிந்து அடுத்த மாதம் அவருக்கு நிரந்தர உத்தரவு வரவேண்டும். ஆனால் இன்று மூன்று மணிக்கு மனிதவளத் துறை லாவண்யாவின் கையில் ஒரு அறிக்கை போய்ச் சேர்ந்தால் இருக்கிற வேலையும் போய்விடும். அதை எழுதவேண்டியவள் நான்.

எங்கள் பிழைப்பு இதுதான். இங்கிலாந்தில் இருநூற்றுப் பன்னிரண்டு மருந்துக்கடைகள், கடைக்கு ஒரு பில் மெஷின். பெங்களூரில் உட்கார்ந்து ஒரு வரி அடித்தால் அது அங்கே ஓடும். அதற்கான கருவியை எழுதியது நான். யாருடைய கம்ப்யூட்டரிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தக் கடைக்கு அடித்தது என்பதெல்லாம் அந்தந்த மெஷினின் ‘லாக்’ என்ற பதிவேட்டில் ஏறிவிடும். கடைப் பெயரை அடித்தால் அந்தக் கடையில் மட்டும் ஓடும். மொத்தத்துக்கும் வேண்டுமென்றால் ‘ஆல்’ என்று அடிக்கவேண்டும். அப்படித்தான் முதலில் வைத்திருந்தேன். எங்கள் மேனேஜர் பாலசுப்ரமணியனுக்கு அந்த ஒரு சொல்லை அடிக்கக் கை வலித்தது.

“பேர் போடலன்னா எல்லாத்துலயும் ஓடற மாதிரி வச்சிடு ஆஞ்சலா.”

வேண்டாம் சார் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. எழுந்து போகும்போது யாரும் ஸ்க்ரீனைப் பூட்டக்கூடாது, அவசரத்துக்குப் பாஸ்வேர்ட் கேட்டு அலைய முடியாது என்பதும் அவருடைய சட்டம்தான்.

செவ்வாய்க்கிழமை சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். மாணிக்கம் அண்ணன் டீ குடிக்கக் கீழே போயிருந்தார். பாலசுப்ரமணியன் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, “பாருங்க, இங்கேருந்தே ஒரு கடை மெஷினை நிறுத்தித் திருப்பி ஸ்டார்ட் பண்றேன்” என்று படம் காட்டினார். கடைப் பெயரை அடிக்க மறந்தார். என்டரைத் தட்டிவிட்டு, கேக் வெட்ட அவர்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் அணைந்தன. அங்கே முற்பகல், மருந்துச் சீட்டோடு வரிசையில் ஜனம். பத்தொன்பது மெஷின்கள் மறுநாள் வரை எழுந்திருக்கவே இல்லை.

எல்லாவற்றையும் என் இடத்திலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டு இரண்டு நாள் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்மேல் இருந்ததைவிட என்மேல்தான் எனக்கு அதிக எரிச்சல்.

இரண்டரை மணிக்குப் பாலசுப்ரமணியன் என் மேஜைக்கு வந்தார்.

“மாணிக்கம் பேரைப் போட்டு, கவனக்குறைவுன்னு ரெண்டு வரி எழுது. போதும்.”

“அன்னிக்கு அந்த சீட்ல நீங்கதான் சார் உக்காந்திருந்தீங்க.”

அவர் முகம் மாறவே இல்லை. “லாக்ல யார் பேர் இருக்கு?” என்றார். இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். “அப்புறம், பழைய லாக் எல்லாம் சும்மா இடத்தை அடைச்சிட்டு இருக்கு. இன்னிக்கே எல்லா மெஷின்லயும் க்ளீன் பண்ணிடு.”

மாணிக்கம் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “வுடும்மா. என்னால ஒனக்கு எதுக்குப் பொல்லாப்பு? எனக்கு வேற எடம் கெடைக்காமயா போவும்.”

“நீங்க சும்மா இருங்கண்ணா!” என்று கத்தினேன். அவருடைய பொறுமை எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. ஆனேக்கலில் இரண்டு பெண்களைப் படிக்கவைக்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது?

லாகை அழிக்கும் வரியைப் பாதி அடித்திருப்பேன். சட்டென்று உறைத்தது. லாகில் இருக்கிற பெயர் பாலசுப்ரமணியனுக்குச் சாதகமாகத்தானே இருக்கிறது? பிறகு எதற்கு அழிக்கச் சொல்கிறார்? பெயருக்குப் பக்கத்தில் நேரமும் இருக்கிறது. எங்கள் வாசலில் கார்டு தேய்க்கிற மெஷினையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

அடித்ததை அழித்தேன். முதலில் வாசல் மெஷினைக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை, இராஜமாணிக்கம், வெளியே 4:03, உள்ளே 4:29. அதை முதல் தாளாகப் பிரின்டருக்கு அனுப்பினேன். பிறகு, அந்த நாளின் வரியை லாகிலிருந்து எடுத்து என் திரைக்கும் பிரின்டருக்கும் அனுப்பச் சொல்லி ஒரு கட்டளை எழுதினேன். எதையும் ஒரு மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றில் ஓட்டவேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒரு கடைப் பெயரைப் போட்டு ஓட்டினேன். சரியாக வந்தது: இராஜமாணிக்கம், நம் நேரம் 4:12. கடைப் பெயருக்கான இடம் காலி.

அடுத்து என் பெயரிலேயே, ‘ஆல்’ என்று முழுசாக அடித்து, என்டரைத் தட்டினேன்.

பிரின்டர் இருப்பது பாலசுப்ரமணியனின் கண்ணாடி அறை வாசலில். அறிக்கையை அங்கேயே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த லாவண்யா, முதல் தாளைக் கையில் எடுத்துப் படித்தாள். அடுத்த தாளில் 4:12 என்று பார்த்துவிட்டு முதல் தாளை மறுபடியும் படித்தாள். கதவைத் திறந்துகொண்டு பாலசுப்ரமணியன் வெளியே வந்தார்.

“என்ன இது? யார் இவ்ளோ பிரின்ட் குடுத்தது?”

“நான்தான் சார்” என்றேன்.

மாணிக்கம் அண்ணனின் கை பைக்குள்ளேயே நின்றது. பிரின்டர் தாள்களைத் தள்ளிக்கொண்டே இருந்தது. தட்டு நிரம்பித் தரையில் விழ ஆரம்பித்தன. பாலசுப்ரமணியன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். என் திரையில் பாதிக் கடைகள்கூட இன்னும் பதில் சொல்லி முடித்திருக்கவில்லை.