ஏழரை கோல்

1

இந்தக் கதை ஒரு கைதட்டலிலிருந்து பிறந்தது. மேற்குச் சிட்னியில் ஒரு திடல். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் நடத்தும் வலைப்பந்துப் போட்டி. நான் கோட்டோரமாக நின்று மட்டன் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். கடைசி நிமிடத்தில், வளையத்துக்கு நேர்கீழே, ஒரு பிள்ளை பந்தை எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். நடுவர் விசில் ஊதிப் பந்தை எதிரணிக்குக் கொடுத்தார். கூட்டம் ‘ச்சே’ என்றது. ஒரேயொருவர் மட்டும் கை தட்டினார். அவர்தான் அந்தப் பிள்ளையின் தகப்பன் என்று பக்கத்தில் நின்ற பெண் சொன்னார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. அந்தக் கைதட்டல்மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘இளங்கீரன் ஒரு சூதாடி.’ அடித்துவிட்டேன். இதை வாசித்தால் அவரே சிரிப்பார். பரமட்டாவில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை, வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் சாப்பிடாதவர், பயிற்சி இருக்கிற நாளெல்லாம் மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருகிறவர். சூதாடி என்றால் வேறு யாரோ என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அடுத்து: ‘இளங்கீரன் ஒரு நல்ல தகப்பன்.’ இதையும் அடிக்கத்தான் நினைத்தேன். கை வரவில்லை. இருக்கட்டும்.

வெள்ளி இரவுகளில் அவரும் மகள் மிருணாளினியும் சோபாவில் சாய்ந்து ரக்பி பார்ப்பார்கள். அவளுக்குப் பதினைந்து வயது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பந்தய விளம்பரம். சிரித்த முகத்தோடு ஒருவன் வந்து இன்றைக்கு யார் எத்தனை புள்ளியால் வெல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவான். ஒருநாள் அவர்களுடைய அணி வென்றது. மிருணாளினி துள்ளி எழும்பினாள்.

“அப்பா, வென்றிட்டோம்!”

இளங்கீரன் போனைப் பார்த்தபடி இருந்தார். “எங்க வென்றது? இன்னும் மூண்டு புள்ளி எடுத்திருக்க வேணும்.”

அவள் திரையைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எந்த ஆட்டம் முடிந்தாலும் யார் வென்றது என்று அறிய அவள் முதலில் பார்ப்பது அவருடைய முகத்தைத்தான்.

(இந்த இடத்தை நினைவில் வைத்திருங்கள். கதையே இதில்தான் தொங்குகிறது.)

3

பந்தயம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன வகுப்பு. தெரிந்தவர்கள் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

பலமான அணிதான் வெல்லும் என்று ஊருக்கே தெரிந்தால் எதிர்ப்பக்கத்தில் யார் காசு வைப்பார்கள்? ஆகவே ஆட்டம் தொடங்குமுன்பே ஒரு கோடு கிழிப்பார்கள். உதாரணத்துக்கு ஏழரை. பலமான அணிமேல் காசு வைத்தவருக்கு அது வென்றால் மட்டும் போதாது, எட்டாலாவது வெல்ல வேண்டும். பலவீனமான அணிமேல் வைத்தவருக்கு அது தோற்றாலும் பரவாயில்லை, ஏழாலோ அதற்குக் குறைவாகவோ தோற்றால் சரி. அந்த அரை எதற்கு? சமநிலை என்று சொல்லி யாரும் காசைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்பதற்கு. அரை கோல் போட்ட பிள்ளை இந்த உலகத்தில் இல்லை. ஆனாலும் அந்த அரைக்காகப் பெரிய மனிதர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.*

* முதல் பிரதியில் ஐந்தரை என்றுதான் எழுதியிருந்தேன். ஏழரை என்று மாற்றியது நான். சனியை நானே கூட்டிக்கொண்டு வந்தேன் என்று வையுங்கள்.

இதில் எனக்கு ஆத்திரம் என்னவென்றால், வென்றவர் வென்றதற்கும் தோற்றவர் தோற்றதற்கும் இருந்த மரியாதை இதனால் போய்விட்டது. வியர்வை சிந்தி வென்று வருகிற பிள்ளையைப் பார்த்து ‘போதாது’ என்கிறது இந்தக் கணக்கு.

4

பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவில் சுஜீதன் என்றொரு பகிடிக்காரர். வலைப்பந்து இறுதிப் போட்டிக்குக் கோடு கிழித்தவர் அவர். மிருணாளினி விளையாடியது தன் தாய் தர்ஷனா படித்த கல்லூரியின் அணிக்கு. அந்தக் கல்லூரியை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அந்த அணிக்கு ஏழரை கோல் பாரம் ஏற்றினார் சுஜீதன்.

இளங்கீரன் எதிரணிப் பக்கம் காசு வைத்தார். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அதற்குத் தக்கபடி அவரை மன்னிக்கவோ திட்டவோ தொடங்கிவிடுவீர்கள்.

“என்ன மச்சான், சொந்த மகளுக்கு எதிராவோ?” என்று சுஜீதன் போனில் சிரித்தார்.

“எதிரில்லையடா. அவள் பெரிசா வெல்லுவாளெண்டு நானே காசு வைச்சால், நானே கண்ணூறு போட்ட மாதிரி. இது செத்தல் மிளகாய் சுத்திப் போடுற மாதிரி எண்டு வை.”

இந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிள்ளையை வாய்விட்டுப் புகழப் பயப்படுகிற எங்கள் ஆட்களின் பயம்தான் அது. அள்ளி வென்றால் காசு போகும், கண்ணூறும் அதோடு போகும். மயிரிழையில் வென்றால் வெற்றியும் மிஞ்சும், காசும் வரும். எந்தப் பக்கம் விழுந்தாலும் தனக்குச் சந்தோஷம்தான் என்று அவர் உண்மையாகவே நம்பினார். பாவி மனுசன்.

5

கடைசி நிமிடம். மிருணாளினியின் அணி ஏழு கோல் முன்னிலை. வெற்றி உறுதி. பந்து அவள் கைக்கு வந்தது. வலைப்பந்தில் பந்தோடு மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது.

எறியுமுன் அப்பாவைப் பார்ப்பது அவள் சின்ன வயதிலிருந்தே உள்ள வழக்கம். அவர் தலையசைப்பார், அவள் எறிவாள். அன்றைக்கும் பார்த்தாள்.

இளங்கீரனுக்குத் தன் முகம் என்ன செய்தது என்று தெரியாது. நெஞ்சுக்குள் ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் எழுந்ததை மட்டும் அவர் அறிந்தார். அதைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். தலையை அசைக்க நினைத்தார். அசையவில்லை.

[இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பந்து வளையத்துக்குள் விழுகிறது, ‘ஐயோ’ என்று அவர் வாய்விட்டுச் சொல்ல, அவள் கேட்டுவிடுகிறாள். இரண்டாவதில் எறிகிறாள், தவறிப் போகிறது, யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. இரண்டாவதை வைத்திருந்தால் நானும் நீங்களும் நிம்மதியாக இருந்திருப்போம். மூன்றாவதில் அவர்]

வேண்டாம். நடந்தது உங்களுக்கு முன்பே தெரியும். அவள் எறியவில்லை. விசில் ஊதியது. அவர் கைகள் தாமாகத் தட்டின.

பிள்ளை களைத்துப்போனாள் என்றார் தர்ஷனா. பதறிவிட்டாள் என்றார் பயிற்றுநர். நான் அவள் மனதுக்குள் போக மாட்டேன். என் கதைதான், இருந்தாலும் அந்தக் கதவை நான் தட்ட மாட்டேன்.

6

தர்ஷனா சங்கத்துக்காரரோடு பாத்திரங்களைக் கழுவி ஒதுக்க நின்றுவிட்டார். தகப்பனும் மகளும் மட்டும் பென்டில் ஹில்லில் இருக்கிற வீட்டுக்குக் காரில் திரும்பினார்கள். கிண்ணம் அவள் மடியில் இருந்தது. அவள் பேசியது ஆங்கிலத்தில், நான்தான் தமிழாக்கியிருக்கிறேன். ஆங்கிலத்தில் அது இன்னும் சாதாரணமாக இருந்தது.

“அப்பா, வென்றிட்டீங்கள்தானே?”

“நீங்கள்தானே பிள்ளை வென்றனீங்கள். கிண்ணம் உங்கட கையிலதானே.”

“இல்லை. நீங்கள்.”

அவர் வீதியைப் பார்த்து ஓட்டினார். கண் கலங்கியது. வெட்கமா, துக்கமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான். மகள் ஏதோ அவருக்கு உதவி செய்த களிப்பில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தக் களிப்புத்தான் அவரைக் கொன்றது.

சிவப்பு விளக்கில் கார் நின்றது. சுஜீதனிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அவள் அதை எட்டிப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அடுத்த மட்ச் எத்தனை கோலுக்குள்ள நிக்க வேணும், அப்பா?”

இளங்கீரன் வாயைத் திறந்தார்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. அவர் சொன்னதை நீங்கள் எழுதுங்கள். காரை ஓரம் கட்டி அழவையுங்கள், போனை யன்னலால் எறியவையுங்கள், இல்லை பச்சை விளக்கு விழுந்ததும் பேசாமல் ஓட்டவையுங்கள். எதுவும் எனக்குச் சம்மதம்.

ஓர் எண்ணை மட்டும் எழுதிவிடாதீர்கள்.