மறுபக்கத்தைப் பிடிக்க ஓர் ஆள்

ஒருவர் தைத்த போர்வையைத் திருப்பிப் பார்க்கக் கூடாது என்று ஒரு மரியாதை இருக்கிறது. விருந்துக்குப் போன வீட்டில் கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்போமா? ஸ்கேலுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. மேசையில் விரித்திருந்த ஒட்டுப்போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, சட்டென்று புரட்டிப் போட்டாள்.

ஸ்கேல் என்பது பட்டப்பெயர். நூலகத்து மாடி அறையில் சனிக்கிழமை மதியம் கூடும் தையல் கூட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் வழங்குவதில்லை. தபாலாபீசில் வேலை பார்ப்பவள் தபாலாபீஸ். கைப்பையில் இரும்பு ஸ்கேலோடு அலைபவள் ஸ்கேல். பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவள் பல்லாஸ்பத்திரி. போர்வை அவளுடையது. நாள் முழுக்க அடுத்தவர் பெயரைக் கூவுகிறவளை, இந்த அறையில்தான் நாலு பேர் ஏதோ ஒரு பெயரில் கூப்பிட்டார்கள்.

"என்ன இது, இப்படிச் சுருண்டு கிடக்கு?" ஸ்கேல் அடித்துணியில் விழுந்திருந்த நீளமான சுருக்கத்தின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்தாள். "இதைப் போர்த்திக்கிறதா, காலைத் துடைச்சுக்கிறதா?"

தபாலாபீஸ் குபீரென்று சிரித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"பஞ்சு ஒரு பக்கம் போகுது, துணி ஒரு பக்கம் போகுது. மறுபக்கத்தைப் பிடிக்க ஒரு ஆள் கூடவா கிடைக்கல உனக்கு?"

பல்லாஸ்பத்திரியும் சிரித்தாள். வேறென்ன செய்வது? சிரித்தபடியே போர்வையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் வேலை இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டுதான் அழுதாள்.

ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. அதுதான் சுருக்கென்று தைத்தது. ஒட்டுப்போர்வை என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றும் நழுவாமலிருக்க முதலில் பெரிய பெரிய தையலாக இழை ஓட்ட வேண்டும். அப்போது ஒருத்தர் இந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்க, இன்னொருத்தர் அந்தப் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். முன்பெல்லாம் அக்கா பிடிப்பாள். இடுப்பு வலிக்குது, காபி ஆறுது என்று ஆயிரம் புலம்பலோடு பிடிப்பாள். தன் மகனுக்குக் குழந்தை பிறந்ததும் அக்கா அவன் வீட்டோடு போய்விட்டாள். இந்தப் போர்வைக்கு இவள் ஒரு பக்கத்தை இழுத்துவிட்டு, சுற்றி ஓடி மறுபக்கம் வருவதற்குள் இழுத்தது தளர்ந்துபோயிருந்தது. அந்தத் தளர்ச்சியைத்தான் ஸ்கேல் கண்டுபிடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் போர்வையைக் குளியலறை வாசலில் போட்டாள். காலைத் துடைக்கத்தானே? துடைத்தாள். நன்றாக அழுத்தி, இரண்டு காலையும் துடைத்தாள்.

பிறகு அக்காவுக்குப் போன் போட்டாள். முந்தின நாளே போர்வையைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள்.

"பாத்தேன்டி, சூப்பரா இருக்கு. அந்தப் பச்சை கலர் இருக்கு பாரு, அள்ளுது. டேய், அதை வாயில வைக்காதே! இருடி, அப்புறம் பேசறேன்."

போர்வையில் பச்சையே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருத்தியாவது கேட்பாள் என்று போனைச் சமையல் மேடையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். அது கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை மதியம் என்பது அவ்வளவு நீளம் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. துவைத்த துணியையே மறுபடி மடித்தாள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்டால்கூட யாரோ கூப்பிட்டது போல இருந்தது. அந்த அறையை விட்டால் தனக்குப் போக்கிடம் இல்லை என்பது புரிந்தது. போனால் மறுபடி சிரிப்பார்கள் என்பதும் புரிந்தது.

கடைசியில் கத்தரிக்கோல்தான் சாக்கு. துணிக்கு மட்டுமே எடுக்கும் நல்ல கத்தரிக்கோலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். யாரும் வருவதற்கு முன்னால் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம், அதோடு அந்த இடத்துக்கு ஒரு கும்பிடு என்று சனிக்கிழமை காலையிலேயே போனாள்.

அறைக்கதவு திறந்திருந்தது. மேசைகளை ஓரங்கட்டி, தரையில் ஒரு பெரிய போர்வை விரிக்கப்பட்டிருந்தது. அதன் நான்கு மூலையிலும் நாற்காலிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஸ்கேல் முட்டிபோட்டு ஓர் ஓரத்தை இழுத்துவிட்டு, எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போய் மறுபக்கத்தை இழுத்தாள். இழுத்த வேகத்தில் இந்தப் பக்கத்து நாற்காலி சரிந்தது. "சனியனே" என்று நாற்காலியைத் திட்டிவிட்டு நிமிர்ந்தவள், வாசலில் நிற்பவளைப் பார்த்துவிட்டாள்.

ஸ்கேலுக்கு முகம் சிவந்திருந்தது.

"வந்தது வந்துட்ட. அந்த மூலையைப் பிடி."

பிடித்தாள்.

"இழு. இன்னும் கொஞ்சம். மெதுவாடி, பல்லா பிடுங்குற?"

இரண்டு பேர் பிடித்ததும் துணி பேசாமல் படிந்தது. ஸ்கேல் நடுவிலிருந்து வரிசையாக இழை ஓட்டிக்கொண்டு வந்தாள். பாதி வந்ததும் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "உன்னோடது தையல்ல ஒண்ணும் குத்தமில்ல. தனியா இழை ஓட்டினா அப்படித்தான் சுருங்கும்."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. எல்லாரும் சிரிச்சாங்க."

ஊசி நின்றது.

"எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாளுங்களே," என்றாள் ஸ்கேல். "எங்க வீட்டுலயும் ஆளில்லைன்னு அவங்க முன்னாடி சொல்லச் சொல்றியா? அதுக்கு நீ அழுதது தேவலாம்னு நெனச்சேன்."

அழுதது இவளுக்கு எப்படித் தெரியும் என்று பல்லாஸ்பத்திரிக்கு ஆத்திரம் வந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வாயில் வராது என்பதும் தெரிந்தது. துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகலாம்தான். விட்டால் சுருங்கிவிடும். பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் ஸ்கேல் நூலைக் கடித்து அறுத்தாள். "அடுத்த வாரம் உன்னோடதைக் கொண்டா. சுருக்கம் விழுந்த பக்கம் மட்டும் பிரிப்போம். நான் பிடிக்கிறேன். அதை என்ன பண்ணின, பத்திரமாத்தானே வச்சிருக்க?"

"வீட்டுல இருக்கு," என்றாள்.

வீட்டுக்கு வந்து குளியலறை வாசலிலிருந்து அதைத் தூக்கினாள். ஈரத்தில் ஊறி, ஆளைத் தூக்குவது போலக் கனத்தது. வாளியில் போட்டு, சோப்புத்தூள் கரைத்து, கையால் கசக்கினாள். இளநீலத் துண்டுகளின் மேல் குதிகால் அளவுக்கு இரண்டு கறைகள் இருந்தன. எவ்வளவு தேய்த்தும் மங்கினவே தவிரப் போகவில்லை. அந்த வீட்டில் வேறு யாரும் நடப்பதில்லை. யார் மேலும் பழியைப் போட முடியாது.

ஈரப்போர்வையைப் பிழியவும் இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையைப் பால்கனிக் கம்பியில் கட்டி, மறுமுனையை முறுக்கினாள். முறுக்க முறுக்கத் தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது. பிறகு அவிழ்த்து, அடித்துணி வெளியே தெரியும்படி கம்பியில் விரித்துப் போட்டாள். சுருக்கம் தெருவுக்கே தெரிந்தது. தெரியட்டும்.

ஸ்கேல் கட்டாயம் திருப்பிப் பார்ப்பாள். கறை எப்படி வந்தது என்று கேட்பாள். கேட்டால், "நீங்க சொன்னபடிதான் செஞ்சேன்" என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். சொல்லிவிட்டு, மூலையைப் பிடிக்கச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கனமான துணி, சனிக்கிழமைக்குள் காய வேண்டும்.