நிற்காமல் போன பாட்டு

பாட்டில் கேட்ட கீபோர்டு தன் கை வாசித்தது இல்லை என்று பெட்டிக்கு முதல் இரண்டு வரியிலேயே தெரிந்துவிட்டது. எஸ்டேட் சர்ச்சுக்காகச் செய்த கிறிஸ்துமஸ் பாட்டு. கீபோர்டு வாசித்தவள் பெட்டி. பாடியவள் பக்கத்து லைன் வீட்டு ஃபியோனா. வீட்டுக் கூடத்திலேயே கம்ப்யூட்டரில் பதிவு செய்தவன் பெட்டியின் புருஷன் அம்புரோஸ். போன மாதம் பதிவானது, இன்றைக்குத்தான் பாட்டாக ஃபோனுக்கு வந்தது.

அந்த சர்ச்சில் யாரும் தாளத்துக்குப் பாடுவதில்லை, மணியம்மாவின் இழுப்புக்குத்தான் பாடுவார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் அவர் சாவகாசமாக இழுத்து முடிப்பார். அதுவரை மற்றவர்கள் அரை மூச்சு நிற்க வேண்டும். நின்று நின்று பெட்டியின் கைக்கும் ஃபியோனாவின் தொண்டைக்கும் அதுவே பழகிப்போயிற்று. பதிவு செய்த அன்று மணியம்மா இல்லாமலேயே இருவரும் நின்றார்கள். இந்தப் பாட்டோ எங்கேயும் நிற்காமல் ஓடியது.

ஃபியோனாவுக்கும் கீபோர்டு வரும். அடிப்பாவி! நான் ஃபேக்டரியில் தேயிலைத் தூசியைத் தின்றுகொண்டிருக்க, என் வீட்டில் வந்து என் கீபோர்டையா தட்டினாய்? வாசிப்பு போனால் சனியன் போகட்டும், புருஷன் போய்விடுவானோ என்பதுதான் பெட்டியின் பயம்.

"ஏங்க, இத வாசிச்சது யாரு?"

"நீதான்லா. வேற யாரு?"

"என் கை எனக்குத் தெரியாதா? கத விடாதீங்க."

அம்புரோஸ் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தான். திரையில் அவள் அமுக்கிய ஒவ்வொரு கட்டையும் சின்னச் சின்னக் கட்டமாகக் கிடந்தது. எல்லாம் தாளக் கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளித் தள்ளி. ஒரு பட்டனைத் தட்டினான். அத்தனையும் கோட்டுக்கு வந்து நின்றன.

"இதுக்குப் பேரு குவாண்டைஸ். நீ லேட்டா அமுக்குனத நேரத்துக்கு இழுத்து வச்சேன், அவ்வளவுதான். மூணாவது சரணம் கேளு."

கேட்டாள். அன்று அவள் சுண்டுவிரல் பக்கத்துக் கட்டையையும் சேர்த்து அமுக்கிய தப்பு அப்படியே இருந்தது. தப்புகூட நேரத்துக்கு வந்திருந்தது. பெட்டி வாய்விட்டுச் சிரித்தாள். அநியாயமாக ஒரு பெண்ணைத் திட்டிவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. டீ போட எழுந்தாள்.

"ஃபியோனா குரலயும் இப்படித்தான் இழுத்தீங்களா?" என்று போகிற போக்கில் கேட்டாள்.

"சே, குரல்ல கையே வெக்க மாட்டேன். இழுத்தா தகரம் மாதிரி கேக்கும். அவ பாடுனது பாடுனபடியே இருக்கு," என்றான் பெருமையாக.

பெட்டி திரும்பி வந்து பாட்டை மறுபடி ஓடவிட்டாள். ஃபியோனாவும் எந்த வரியிலும் நிற்கவில்லை.

"அன்னிக்கு அவளும் என்கூட நின்னு நின்னுதானே பாடுனா?"

அம்புரோஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப இதப் பாட எப்ப வந்தா? என்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் பாட்டை நிறுத்தினான்.