நூறு பேருக்கு ஒரு புள்ளி

நகராட்சியில் மக்கள்தொகை வரைபடம் போடுபவளுக்கு அலுவலகத்தில் புள்ளியம்மா என்று பெயர். நூறு பேருக்கு ஒரு புள்ளி என்பது அவள் கணக்கு. ஐம்பதுக்குக் கீழே இருந்தால் புள்ளி கிடையாது; கடவுளே வந்து கேட்டாலும் கிடையாது.

கடவுள் வரவில்லை, கூடப்பிறந்த அக்கா வந்தாள். ஊர்க்கோடியில், மூடிப்போன செங்கல் சூளைக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவள். அங்கே பஸ் நின்று ஒன்பது வருஷம். முழங்கால் வலியோடு தினமும் முக்கால் மணி நேரம் நடந்துதான் வேலைக்குப் போகிறாள். அன்று மூன்று மணிக் கூட்டத்தில் புதுப் பஸ் தடங்களை முடிவு செய்கிறார்கள், அதுவும் தங்கையின் வரைபடத்தை வைத்து. சும்மா இருப்பாளா?

தன் தெரு எங்கே என்று கேட்டாள். தங்கை விரல் வைத்த இடம் வெள்ளையாக இருந்தது.

“முப்பது பேர்தான்க்கா இருக்கீங்க. புள்ளி வராது.”

“உங்க அத்தான் தொப்பைக்கே ஒரு புள்ளி வைக்கலாமேடி.”

சொல்லிவிட்டு அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. சூளை ஓடிய காலத்துப் படத்தையாவது காட்டு என்றாள். அவளைக் கிளப்பினால் போதுமென்று தங்கை பழைய படங்களை எடுத்துப் போட்டாள். இருபது வருஷத்துக்கு முந்தையதில் ஐந்து புள்ளிகள். சூளை மூடிய பின் போட்ட, பத்து வருஷத்துக்கு முந்தையதில் ஒன்றுமில்லை. பதிவேட்டைப் புரட்டினாள்: நாற்பத்தொன்பது பேர். ஒரே ஒரு ஆள் குறைச்சல். அதற்கடுத்த வருஷம் பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். படத்தின் மூலையில் அவளுடைய கையெழுத்தே இருந்தது. அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அதிசயமாக, தானே நாற்காலியை விட்டு எழுந்தாள்.

கூட்டத்தில் நகராட்சித் தலைவர், அந்த வெள்ளை இடத்துக்கு எதற்குப் பஸ், காக்காய் ஏறவா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். புள்ளியம்மா எழுந்து பழைய படங்களை விரித்தாள்.

“நாப்பத்தொம்பது பேர் இருந்தாங்க சார். நான் புள்ளி வைக்கல. அதப் பார்த்துதான் பஸ்ஸ நிறுத்தினீங்க.”

சிரிப்பு நின்றது. தலைவர் படங்களை மாறி மாறிப் பார்த்தார். அந்தத் தெருவுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, இப்படி வெள்ளையாக விட்ட தெரு இன்னும் எத்தனை என்று கேட்டார்.

மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து எண்ணி வைத்திருந்தாள்.

“பதினொண்ணு சார்.”

அந்தப் பதினொன்றில் எதிலும் அவளுக்கு அக்கா இல்லை.