பத்து லட்சத்து ஒன்று

எங்கள் நெசவாளர் தெருவில் பி.ஏ. படித்தவள் நான் ஒருத்திதான். உபகாரச் சம்பளத்தில் மெட்ராஸ் போய்ப் படித்தது கணக்குப் பாடம். அதனால்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

மூன்று வருஷமாக ராசிபுரத்தில் மழை இல்லை. மாரியம்மனுக்குப் பத்து லட்சத்து ஒரு தடவை குங்கும அர்ச்சனை செய்வதாகத் தெருப் பெரியதனக்காரர் வெங்கடாசலம் மாமா நேர்ந்துகொண்டார். ஒன்று சேர்த்தால்தான் மங்கலமாம். தாலி கட்டிய பெண்கள்தான் செய்ய வேண்டும். கல்யாணம் ஆகாத என்னை விட்டால், தெருவில் அப்படி நூறு பேர் இருந்தார்கள்.

"எல்லார்த்துக்கும் சமமாப் பிரிச்சுக் குடு சாமி," என்றார் மாமா. "ஒருத்திக்கு ஒண்ணு கூடினாலும் அவ ஊட்டுக்காரன் முதல் மரியாதை கேப்பான். போன நோம்பிக்கு மண்டை உடைஞ்சுது, தெரியுமில்ல?"

நூறால் வகுத்தேன், ஒன்று மிஞ்சியது. ஒருத்தியை விலக்கினால் இரண்டு மிஞ்சியது. நூற்றொன்றைப் போட்டேன். ஆளுக்கு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று, மீதி இல்லை. அதை இன்னும் உடைக்க முடியுமா என்று தொண்ணூற்றேழு வரைக்கும் பகா எண்களையெல்லாம் போட்டுப் பார்த்தேன். உடையவில்லை. ஆக, இந்தத் தெருவில் நூற்றொரு பேர் உட்கார்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் கிடையாது.

நூற்றொன்றாவது ஆள் எங்கள் அம்மா பாவாயி. அப்பா செத்து எட்டு வருஷம். அம்மன் கட்டுகிற சேலையை வருஷாவருஷம் அம்மாதான் நெய்கிறாள். கோயில் வாசலில் அதை வாங்கிக்கொண்டு அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளே உட்கார்ந்து ஒரு தடவை குங்குமம் போட வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள், தறியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

காகிதத்தை மாமாவிடம் நீட்டினேன்.

"நூத்தியொரு பேர் வேணுமுங்க. காப்புக் கட்டியாச்சு, வெளியாளைச் சேர்க்க முடியாது. எங்கம்மா இருக்குதுங்க."

"தாலியில்லாதவளைக் குங்குமம் போடச் சொல்றியா? படிக்க வெச்சது தப்பாப் போச்சு."

"தப்பு கணக்குல இருந்தாக் காட்டுங்க மாமா."

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்கணக்கு சரிதான்," என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அந்த ஒண்ணை உட்டுருவோம். பத்து லட்சம். ஆளுக்குப் பத்தாயிரம். இதுக்கெதுக்கு சாமி பி.ஏ.?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மனுக்கு நேர்ந்த எண்ணையே குறைப்பார்கள், என் அம்மாவைச் சேர்க்க மாட்டார்கள். எண்ணின் குணத்தைப் பற்றி நாலு வருஷம் படித்தேன். எண்ணையே மாற்றிவிடுவார்கள் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் அர்ச்சனை முடிந்து கோயில் மணி அடித்தது. அம்மா தறியிலிருந்து எழுந்து என் குங்குமச் சிமிழைத் திறந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து, அம்மனுக்காகப் பாதி நெய்திருந்த சேலையின் மேல் போட்டு, "மாரியாத்தா" என்றாள். ஒரே ஒரு தடவை.

"இப்ப கணக்குச் சரியாப் போச்சா, பாப்பா?"

அவர்கள் வேண்டாமென்று விட்டதை இவள் ஏன் நிரப்ப வேண்டும்? மழை வந்தால் பெயர் அவர்களுக்குத்தானே? கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் கணக்குச் சரியாகத்தான் வந்திருந்தது.

"போச்சு," என்றேன்.

குங்குமக் கறை உள்ளே போகும்படி நெய்த வரைக்கும் சேலையைத் தறிக்கட்டையில் சுருட்டிவிட்டு, அம்மா மேற்கொண்டு நெய்ய ஆரம்பித்தாள்.