வெயிலில் பழுத்த குழாய்கள்

ஆய்வகத்து நாற்றம் நிபியாவுக்குப் பழகிப்போனது. இரத்தத் தெளிநீரில் அமிலத்தை விட்டால் புரதம் திரிந்த பாலாக அடியில் இறங்கும். அதில் மருந்தைக் கலந்து, கழுவி, மறுபடி கரைத்தால் மஞ்சள் நிற்கும். ஆக்சிஜன் எவ்வளவு அரித்திருக்கிறதோ அவ்வளவு மஞ்சள். அந்த நெடியெல்லாம் அவளை ஒன்றும் செய்ததில்லை. பிப்ரவரி மாதத்து அந்தக் காலையில் அவளை அருவருக்க வைத்தது வேறு.

ஆய்வகத் தலைவர் தார்தோவின் அறை ஜன்னலில், மொந்தெவிதேயோ நகரத்துக் கோடை வெயில் சுள்ளென்று விழும் இடத்தில், ஒரு இரத்த மாதிரிக் குழாய்ப் பெட்டி திறந்து கிடந்தது. 'சாறு குடிக்காதவர்கள்' என்று ஒட்டிய பெட்டி.

திராட்சைத்தோல் சாறு விற்கும் கம்பெனிக்கான ஆய்வு அது. முதியோர் இல்லத்தில் பாதிப்பேர் சாறு குடித்தார்கள், பாதிப்பேர் குடிக்கவில்லை. குடிக்காதவர்களின் குழாய்கள் ஒவ்வொரு முறையும் அடர்மஞ்சளாக வந்தன. குழாய்களை எடுத்துத் தருவது எப்போதும் தார்தோதான்.

"என்ன தார்தோ இது? உறைபெட்டியில இருக்க வேண்டியது இங்க காயுது?"

"கொஞ்சம் பழுக்கட்டும் பொண்ணே. காயை யாரு வாங்குவா?" அவர் சிரித்தார். "நீ அளக்கிறவ. அளந்தது சரியாத்தான் இருக்கு. உன் கை சுத்தம், போ."

சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும். இந்த ஆய்வு நடந்த மூன்று வருடமாக அந்த ஆள் சட்டியில் எதையோ போட, அவள் கண்ணும் கருத்துமாக அள்ளிக் கொடுத்திருக்கிறாள். சீ!

அதைவிட மோசம், அவளுடைய அப்பா. போன மாதம்தான் இதய மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தச் சாற்றைப் பிடித்துக்கொண்டார். "என் மக அளந்து சொன்னது" என்று கறிக்கடை வரைக்கும் பெருமை. டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை, அவள் சொல்லியும் கேட்கவில்லை. அவள் கண்டுபிடித்ததையே அவளிடம் திருப்பிச் சொன்னார்.

சாற்றுக் கம்பெனிக்காரர் ஒலாஸ்கோவாகா தார்தோவின் அறைக்கு வந்து உட்கார்ந்தார். தார்தோ மாத்தே இலைக் கசாயம் ஊற்றினார். ஒரே கோப்பை, ஒரே உறிஞ்சுகுழல், ஆள் மாற்றி ஆள் குடிக்க வேண்டும். கோப்பையைத் திருப்பும்போது நன்றி சொன்னால் இனி எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். அதனால் சுற்று முடியும் வரை யாரும் அதைச் சொல்வதில்லை. தார்தோ முதலில் உறிஞ்சினார். குழல் நுனியில் அவர் எச்சில் மினுமினுத்தது. வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடமும் அவள் அதே குழலில் வாய் வைத்திருக்கிறாள்.

நீட்டிய கோப்பையை அவள் தொடவில்லை.

"நன்றி" என்றாள்.

"இன்னும் வாயே வைக்கலையே!"

"போதும்." ஜன்னல் பெட்டியை எடுத்து வந்து ஒலாஸ்கோவாகா முன்னால் வைத்தாள். "தொட்டுப் பாருங்க சார், சுடுது. உங்க சாறு ஒண்ணும் பண்ணல. குடிக்காதவங்க ரத்தத்தை இவர் வெயில்ல கெடுத்தாரு."

"வேலை வேணாமா உனக்கு?" தார்தோ எழுந்தார்.

"இந்த வேலையா? வேணாம்."

தாழ்வாரத்துக்கு வந்து அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"அப்பா, சாறைக் கொட்டிடுங்க. இப்பவே மாத்திரையைப் போடுங்க. அந்த ஆய்வு பொய்."

"பொய்யா? யாரு சொன்னா?"

"நான்தான்."

அப்பா கேட்டார்: "அளந்தது நீதானே, மகளே?"

"ஆமாப்பா. நான்தான் அளந்தேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கைகழுவும் தொட்டியில் காறித் துப்பினாள்.