பதினாலாவது உறை

மேலகரத்தில் மாரிச்செல்வி வீட்டுக் கிணறு மழைக்கு ஏறியதில்லை, வெயிலுக்கு இறங்கியதும் இல்லை. அரபு நாடு ஒன்றில் அவள் புருஷன் பலவேசம் எண்ணெய்க் குழாயின் வால்வைத் திறந்தால் தண்ணீர் இறங்கும், மூடினால் ஏறும். இருபத்திரண்டு சிமெண்டு உறை இறக்கிய கிணறு. வால்வு முழுசாக மூடியிருந்தால் தண்ணீர் விளிம்பைத் தொடும். முழுசாகத் திறந்திருந்தால் மேலிருந்து பதினாலு உறை வெளியே தெரியும். 2013இல் அவன் போன புதிதில், போனில் பேசிக்கொண்டே அவள் தண்ணீர் கோரிக்கொண்டிருந்தபோது, "கொஞ்சம் நில்லுட்டீ, வால்வு வீலைத் திருப்பிட்டு வந்துருதேன்" என்றான். அவள் விட்ட வாளி தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் ஆடியது. மூன்று உறை இறங்கிவிட்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவன் இரண்டு மாத லீவில் வரும்போது அங்கே வேறு ஆள் வீலைத் திருப்புவான். அந்த இரண்டு மாதமும் தண்ணீர் விரற்கடை அசையாது. கிணற்றுக்கு அந்த நாட்டோடு பேச்சு இல்லை, பலவேசத்தின் கையோடுதான் பேச்சு. பேரூராட்சி ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எண்ணெய் விற்கும் நாடுகள் விலையை எப்படிப் பிடித்து வைக்கின்றன என்பது ஊர்க்காரர்களுக்கு அந்தக் கிணற்றடியில்தான் விளங்கியது. அந்த நாட்டுக்காரர்கள் ஐரோப்பாவில் ஓர் ஊரில் கூடி, ஆளுக்கு இவ்வளவுதான் இறைப்பது என்று பங்கு வைத்துக்கொள்வார்கள். எல்லோரும் வால்வைக் குறைத்தால் உலகத்துக்கு எண்ணெய்த் தட்டுப்பாடு வரும், விலை ஏறும். விலை ஏறியதும் சின்ன நாடுகளுக்குக் கை சும்மா இருக்காது. குறைத்துவிட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டுக் கூடுதலாக இறைத்து விற்கும். அவர்களில் பெரிய நாடு ஒன்று உண்டு. அது பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் வால்வுகளை எல்லாம் திறந்துவிடும். விலை தரையில் விழும், ஏமாற்றியவன் நொந்துபோவான், மறுபடியும் கூடிப் பேசுவார்கள். 2017இல் பலவேசத்தின் நாடு உற்பத்தியை நன்றாகக் குறைத்துவிட்டதாகப் பேப்பரில் வந்தது. கிணற்றிலோ பதினாலு உறை தெரிந்தது. புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிப்போகும் லாரிக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, டீசல் ஏறாது என்று நிம்மதியாகப் போனார்கள். கிணறு சொன்னது சரிதான். டீசல்தான் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை.

2019 ஆடிச் சாரலில் கிங்ஸ்லி என்பவன் குற்றாலத்துக்கு வந்தான். சொந்த ஊர் நாசரேத், வேலை மும்பையில் ஒரு கம்பெனியில். எந்த நாடு உண்மையில் எவ்வளவு எண்ணெய் இறைக்கிறது என்று கண்டுபிடித்து உலகத்துக்குச் சொல்லும் கம்பெனி அது. கப்பல் எவ்வளவு அமிழ்ந்து போகிறது, எண்ணெய்த் தொட்டியின் நிழல் எவ்வளவு நீளம் என்று வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அவன் பிழைப்பு. ஐந்தருவிப் பக்கம் அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட நயினார், பலவேசத்தின் சித்தப்பா மகன். பேச்சுவாக்கில் அண்ணன் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொன்னான். தலை ஈரம் காயாமலே கிங்ஸ்லி மேலகரம் வந்து வாசலில் நின்றான்.

மாரிச்செல்விக்குக் காட்ட மனசில்லை. தனியாக இருக்கிற வீட்டில் அந்நிய ஆளுக்கு என்ன ஜோலி என்றுதான் நினைத்தாள். கிளம்பப் போனவன் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டான். "அங்க உற்பத்திய நிறுத்தி வச்சிருக்கோம்னு சொல்லுதாங்க. அண்ணாச்சி இப்ப சும்மாதான இருப்பாங்க அக்கா?"

அந்தச் 'சும்மா' அவளுக்குச் சுருக்கென்றது. வயலை விற்ற பிறகு மூன்று வருஷம் பலவேசம் சும்மா இருக்கிறான் என்று அவளுடைய அண்ணன்மார் பேசிய பேச்சு பொறுக்காமல்தான் அவன் விமானம் ஏறினான். "யாரு சார் சொன்னா? அவுக ஒரு நாள் சும்மா இருந்ததில்ல. வாங்க, நீங்களே வந்து எண்ணிப் பாருங்க" என்று அவளே கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். பதினாலு. கிங்ஸ்லி இரண்டு தடவை எண்ணினான், படம் எடுத்தான். திங்கள்கிழமைதோறும் போனில் உறைக்கணக்கு சொல்ல முடியுமா என்று கேட்டான். புருஷன் உழைப்பதை உலகத்துக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் எந்தப் பெண் மாட்டேன் என்பாள்? கிறிஸ்துமசுக்கு அவன் தூத்துக்குடி மக்ரூன் ஒரு பெட்டி அனுப்பினான்.

பலவேசத்தின் நாடு ஏமாற்றுகிறது என்று கிங்ஸ்லியின் கம்பெனி எழுதியது. மற்ற நாடுகள் சண்டைக்கு வந்தன. 2020 மார்ச்சில் பெரிய நாடு தன் வால்வுகளைத் திறந்துவிட்டது. அதற்கு இன்னும் பெரிய பகைகள் காரணம், ஒரு கிணற்றால் அதெல்லாம் நடக்காது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். மாரிச்செல்வி படித்தவர்களைக் கேட்கவில்லை. கொரோனாவில் உலகமே வீட்டுக்குள் இருந்ததால் எண்ணெயைச் சீந்த ஆளில்லை. அமெரிக்காவில் ஒரு நாள் எடுத்துப் போகிறவனுக்கு எதிர்க்காசு கொடுக்கும்படி ஆனது. அன்றும் தென்காசி பங்கில் பெட்ரோல் பத்துப் பைசா குறையவில்லை. பிறகு எல்லா நாடுகளும் பயந்துபோய் ஒன்றாக மூடின. பலவேசம் வீலைக் கடைசிவரை திருப்பி மூடிய அந்த மத்தியானம் தண்ணீர் பதினாலு உறையும் ஏறி விளிம்பில் வந்து நின்றது.

வேலை இல்லையென்றால் ஆள் வந்துவிடுவான் என்று அவளுக்கு முதலில் சந்தோஷம்தான். விமானம்தான் ஓடவில்லை. ஜூனில் போன் செய்தான்.

"கிணறு எப்படிட்டீ இருக்கு?"

"செம்பால மோந்து எடுக்கலாம். நீங்க எப்ப வருவிய?"

"பிளைட்டு விடட்டும். லேசாக் காய்ச்சல் அடிக்கு, வேற ஒண்ணுமில்ல."

அவள் அழுதுவிட்டாள். மும்பைக்காரனிடம் கிணற்றைக் காட்டியதை அன்றுதான் சொன்னாள். "நாந்தான் வாயக் குடுத்து உங்களக் கெடுத்துட்டேன்."

அவன் இருமிக்கொண்டே சிரித்தான். "நான் சும்மா இருக்கலன்னுதானட்டீ சொன்ன?"

அதற்குப் பிறகு அவன் போன் அணைந்தே கிடந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம், பொறுங்கள் என்று கம்பெனியில் சொன்னார்கள். அவள் பொறுத்தாள்.

ஆகஸ்டில் நாடுகள் கூடிப் பேசி வால்வுகளைக் கொஞ்சம் திறந்துவிட்டன. அதே கம்பெனியில், வேறு கேம்பில் தங்கியிருந்த கடையநல்லூர்க்காரர்கள், வேலை ஆரம்பித்துவிட்டது, எண்ணெய் ஓடுகிறது என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பினார்கள். மாரிச்செல்வி கிணற்றடியிலேயே இருந்தாள். சோறு அங்கேயே, காப்பி அங்கேயே. ஒரு உறை வேண்டாம், ஒரு விரற்கடை இறங்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஒன்பது நாள் பார்த்தாள். தண்ணீர் விளிம்பில் அப்படியே நின்றது.

"கிணறு கெட்டுப்போச்சு மைனி. மனசப் போட்டு உழப்பாதிய" என்றான் நயினார்.

"கிணறு நல்லாத்தான் இருக்கு நயினாரு" என்றாள். அந்தத் தண்ணீரையே எடுத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, தாலியைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். பத்தொன்பது நாள் கழித்துக் கூரியரில் பாஸ்போர்ட்டும் கம்பெனிக் கடிதமும் வந்தன. ஜூலையிலேயே இறந்துவிட்டான், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தது. ஊரில் யாரும் அதிர்ச்சி அடையவில்லை, அழ மட்டும் செய்தார்கள்.

ஒரு மாதமாக எடுக்காமல் விட்டிருந்த கிங்ஸ்லியின் போனை அடுத்த திங்கள்கிழமை எடுத்தாள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. "தொறந்துட்டாங்களாமே அக்கா. எத்தன உறை தெரியுது?"

அவள் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பதினாலு" என்றாள்.

"முழுசாவா! அப்ப அண்ணாச்சி வேலைக்குப் போயிட்டாங்க."

"போயிட்டாவ."

இந்த வருஷம் வரை எல்லாத் திங்களும் அவள் பதினாலு என்றுதான் சொல்லி வந்தாள். அந்த நாட்டு மந்திரி கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து, நாங்கள் அவ்வளவு இறைக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். முன்னே சூடுபட்டவர்கள் ஆகையால் யாரும் நம்புவதில்லை. யாரும் இறைக்காத அந்த எண்ணெயையும் சேர்த்துத்தான் உலகம் விலை வைக்கிறது. கிங்ஸ்லி வருஷா வருஷம் சாரலுக்கு வந்து எண்ணெய் தேய்க்கப் படுக்கிறான், பெண் தனியாக இருக்கிற வீடு என்று மேலகரம் பக்கம் போவதில்லை. நயினார் அவன் முதுகைத் தேய்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு அனுப்பிவிடுகிறான். மேலகரத்தில் யாரும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சென்ற மாதம் ஒரு திங்கள்கிழமை மாரிச்செல்வி பதிமூன்று என்றாள். கிங்ஸ்லி பதறிப்போய், "என்னக்கா, கொறைக்கச் சொல்லிட்டாங்களா?" என்றான்.

"அதெல்லாம் இல்ல தம்பி. அவுகளுக்கும் அம்பது முடிஞ்சிட்டுல்லா. முன்ன மாதிரி வீல முழுசாத் திருப்ப முடியல" என்றாள்.

அன்று சாயங்காலம் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு அரை டாலர் ஏறியது.